செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

எங்கள் அப்பத்தா ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பட்டணம் பார்த்தாள். 1974-ல். சிங்கம்புணரியில் கயிற்று வேலை செய்துகொண்டிருந்த ஏழு பேர் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, திருச்சி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ராத்திரி ரயிலிலும் போய், விடிகாலையில் எழும்பூரில் இறங்கியிருக்கிறார்கள். மூன்று நாள் இருந்தார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி அவள் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் பேசினாள். விவரங்கள் கூடும், குறையும். வரிசை மட்டும் மாறாது. செத்த காலேஜ், உயிர்க் காலேஜ், மூர் மார்க்கெட்டு, ஐகோர்ட்டு லைட் அவுஸ், அண்ணா சமாதி, சமுத்திரம், பதினாலு மாடி. பதினாலு மாடியைச் சொல்லும்போது ஒரு சிறு வழக்கும் உண்டு. அவள் எண்ணியதில் பதின்மூன்றுதான் வந்ததாம். கூடப் போனவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

இந்தப் பட்டியல் அவளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்தக் காலத்தில் தென் ஜில்லாக்களிலிருந்து முதல் தடவையாகப் பட்டணம் போய்வந்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையே சொல்வார்கள். இதை எந்தச் சுற்றுலாத் துறையும் தயாரித்துக் கொடுக்கவில்லை. அச்சில் பார்த்துப் போனவர்களும் இல்லை. போய்வந்தவர்கள் போகாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லி உருவான வரிசை இது. நாம் இலக்கியத்தில் வாய்மொழி மரபைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தாலாட்டு, ஒப்பாரி, கதைப்பாடல் என்று தொகுத்திருக்கிறோம். ஊர் பார்க்கிற வரிசையும் அப்படியொரு மரபு என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி என்று ஒரு வசனத்தோடு அதை முடித்துவிட்டோம். பி.ஏ. ஆங்கிலம் படித்த நானும் அப்படித்தான் முடித்திருந்தேன்.

முதலில் பெயரைப் பார்க்கலாம். எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் மியூசியத்துக்கு ஏன் காலேஜ் என்று பெயர் வந்தது? அங்கே யாரும் படிக்கவுமில்லை, பட்டம் வாங்கவுமில்லை. பெரிய கட்டிடம் எதைக் கண்டாலும் கிராமத்து ஜனங்கள் காலேஜ் என்று சொல்லிவிடுவார்கள் என்று சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. அது செல்லாது. ஐகோர்ட்டை அவர்கள் காலேஜ் என்று சொல்லவில்லை. சென்ட்ரலைச் சொல்லவில்லை. இவை இரண்டும் மியூசியத்தைவிடப் பெரிய கட்டிடங்கள்.

நுங்கம்பாக்கத்தில் இன்றும் கல்லூரிச் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. கம்பெனி உத்தியோகத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய பாஷைகளைச் சொல்லிக்கொடுப்பதற்காக 1812-ல் பிரான்சிஸ் வைட் எல்லிஸின் முயற்சியால் ஏற்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அந்தச் சாலையில் இருந்தது. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816-ல் எல்லிஸ் எழுத்தில் நிறுவியது இந்தக் கல்லூரியின் வேலைகளுக்கு நடுவில்தான். கால்டுவெல்லின் புத்தகத்துக்கு நாற்பது வருஷம் முந்தி. எல்லிஸ் 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். சிங்கம்புணரி 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது என்பதால் எனக்கு இதில் அர்த்தமில்லாத ஒரு உரிமை உணர்ச்சி உண்டு.

இந்தக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில்தான் 1851-ல் மியூசியம் ஆரம்பமாயிற்று. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்து நூறு கற்களும் கனிமங்களும்தான் மூலதனம். பொறுப்பேற்றவர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர். மூன்று வருஷத்தில் இடம் போதாமல், 1854-ன் கடைசியில் மியூசியம் பாந்தியன் என்ற பழைய கேளிக்கை மாளிகைக்கு மாறியது. கல்லூரியும் அதே 1854-ல் மூடப்பட்டது. காலேஜ் என்ற பெயரை மட்டும் ஜனங்கள் கையோடு எடுத்துக்கொண்டு பாந்தியனுக்கு வந்துவிட்டார்கள்.

அடைமொழி எப்போது ஒட்டியது? இதற்கு நான் ஆதாரம் காட்ட முடியாது, ஊகம்தான். ஆனால் ஊகத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. 1855-ல் பால்ஃபர் மியூசியத்துத் தோட்டத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். கர்நாடக நவாபிடம் இருந்த மிருகங்களைப் பேசி வாங்கினார். ஒரு வருஷத்துக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன. 1863-ல் அவை, கவர்னர் டிரெவெலியன் சென்ட்ரல் பக்கம் போடச்செய்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. ஆக, 1855 முதல் 1863 வரை எட்டு வருஷம் ஒரே மதிலுக்குள் பஞ்சடைத்த மிருகங்களும் உறுமுகிற மிருகங்களும் இருந்தன. ஒரே இடத்தில், ஒரே பெயரில் இரண்டு இருந்தால்தான் அவற்றைப் பிரித்துச் சொல்ல அடைமொழி தேவைப்படும். செத்த காலேஜ், உயிர்க் காலேஜ் என்ற ஜோடி அந்த எட்டு வருஷத்தில் பிறந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்படிப் பார்த்தால் இந்தப் பெயர் அறியாமையின் பெயரல்ல. மூடிப்போன ஒரு கல்லூரியை நகரம் மறந்த பிறகும், படிக்காதவர்களின் வாய் நூற்றைம்பது வருஷம் அதை நினைவில் வைத்திருந்தது. எல்லிஸின் காலேஜ் உண்மையில் செத்த காலேஜ்தான்.

சாவு என்ற சொல்லை அவர்கள் எவ்வளவு சரியாகப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம். அப்பத்தா திமிங்கலத்தின் எலும்பைப் பற்றிச் சொல்வாள். யானையின் எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்வாள். அப்புறம் குரல் மாறும். “சாமியெல்லாம் பட்டினியா நிக்குதுய்யா” என்பாள். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தைத்தான் சொல்கிறாள். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரி. அந்தக் கூடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாளாம். ஒரு காவலாளி சிரித்தானாம். கோயிலில் சாமியாக இருந்தது மியூசியத்துக்குள் வந்தபின் சிற்பமாகிவிடுகிறது என்று ஆந்த்ரே மால்ரோ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கல்லூரியில் படித்துப் பிரமித்திருக்கிறேன். அப்பத்தாவின் மூன்று வார்த்தையில் அதுவும் இருக்கிறது, அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. மால்ரோவுக்கு அது கலையின் விடுதலை. இவளுக்கு அது சாப்பாடு நின்றுபோன சமாசாரம். செத்தது என்று அவர்கள் பெயர் வைத்தது மிருகங்களை மட்டும் மனத்தில் வைத்தல்ல என்று எனக்குப் படுகிறது.

மியூசியத்தை நடத்தியவர்கள் இந்தக் கூட்டத்தை எப்படிப் பார்த்தார்கள்? பால்ஃபருக்கு ஜனங்கள் வருவதில் சந்தோஷம். பின்னால் வந்த எட்கார் தர்ஸ்டன் வேறு மாதிரி. 1885-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் அதிகாரியாக இருந்தவர். வருகிறவர்களில் பெரும்பாலோர் மியூசியத்தைத் தமாஷா வீடாகத்தான் நினைக்கிறார்கள், அவர்களுக்கு எதைக் காட்டினாலும் ஒன்றுதான் என்று 1890-களில் அலுத்துக்கொண்டார். அதே தர்ஸ்டன்தான் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளை மியூசியத்தில் வைத்திருந்தவர். அப்படி அளந்த அளவுகள் 1909-ல் ஏழு வால்யூமாக வந்த அவருடைய ஜாதிகள் பற்றிய நூலில் இருக்கின்றன. வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று சொன்ன மனிதர், அவனைப் பார்ப்பதற்கு இடுக்கியோடு நின்றார். கண்ணாடிப் பெட்டியின் எந்தப் பக்கம் யார் நிற்பது என்பது அப்போது தீர்மானமாகிவிட்ட விஷயம். நம் கிராமத்துக்காரன் இது தெரியாமலே, இரண்டணாவுக்குப் பொரிகடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, திமிங்கலத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வேடிக்கை பார்க்கப் போவதில் ஆபத்தும் இருந்தது. மக்கள் பூங்காவில் வருஷக் கடைசியில் பெரிய பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே பிடித்த தீயில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். மறு வருஷமும் கூட்டம் வந்தது.

பட்டியலின் வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. அது கால்களின் வரிசை. எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல் திறக்கப்பட்டது. தெற்கத்தி ஜனங்கள் மூட்டையோடு இறங்குகிற வாசல் அதுதான். அங்கிருந்து மியூசியம் நடக்கிற தூரம். அப்புறம் சென்ட்ரல் பக்கம் போனால் உயிர்க் காலேஜும் மூர் மார்க்கெட்டும் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல. கிழக்கே நடந்தால் ஐகோர்ட்டு. 1894 முதல் 1977 வரை ஐகோர்ட்டு கோபுரத்தின் உச்சியில்தான் கலங்கரை விளக்கு எரிந்தது. ஜனங்களை மேலேற விட்ட காலமும் ஒன்று இருந்தது. நீதி சொல்லும் இடத்தின் தலையில் கப்பலுக்கு வழி சொல்லும் விளக்கு. நம்மில் யாராவது கவிதையில் எழுதியிருந்தால் செயற்கை என்று நானே திட்டியிருப்பேன். அங்கிருந்து கடற்கரை. பழைய தலைமுறைக்குக் கடற்கரையில் மீன்காட்சிசாலையும் இருந்தது. 1909-ல் திறந்தது, இரண்டாம் உலக யுத்தத்தில் மூடியது. அப்பத்தா காலத்தில் அந்த இடத்தைச் சமாதி பிடித்துக்கொண்டது. நிழல் உள்ள இடங்கள், காசு அதிகம் கேட்காத இடங்கள், நடந்து சேரக்கூடிய இடங்கள். இந்த மூன்று சல்லடையிலும் தேறியதுதான் பட்டியலில் நின்றது.

கடைசியாக வருவது பதினாலு மாடி. மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டிடம். 1959 ஆகஸ்டில் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது. கிராமத்து ஹீரோ பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட நம் சினிமாக்காரர்கள் முப்பது வருஷம் அந்தக் கட்டிடத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்ட ஆரம்பித்தது எல்.ஐ.சி. அல்ல. யுனைடெட் இந்தியா என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியது. 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் ஒரு பாங்க்கைத் திறந்தவர் அவர். 1954-ல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தார். 1956-ல் இன்ஷூரன்ஸ் தேசியமயமாயிற்று. கட்டிடம் முடிந்தபோது அது அவர் குடும்பத்துடையதுமல்ல, கம்பெனியுடையதுமல்ல. வடபழனியில் ஜனங்கள் நின்று பார்த்த ஏவி.எம். வாசலின் உருண்டை உலகமும் அப்படித்தான், காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, 1948-ல் ஸ்டூடியோவைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். நம் சீமையிலிருந்து பணம் ஒரு பாதையில் போய்க் கட்டிடமாக நின்றது. கயிறு திரித்தவர்கள் இன்னொரு பாதையில் போய் அதன் மாடிகளை எண்ணினார்கள். இருவரும் பட்டணத்தில் சந்தித்துக்கொண்டதில்லை.

இனி டோக்கியோவைப் பற்றி. திடீரென்று ஏன் என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு ஜப்பானியப் படம். யாசுஜிரோ ஓசுவின் டோக்கியோ கதை, 1953-ல் வந்தது. ஒனோமிச்சி என்ற சின்ன ஊரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர். ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும் நேரத்தில் ஒரு நோயாளி வந்துவிட, பயணம் நின்றுபோகிறது. மகளுக்கு அழகு நிலையம், ஒழிவில்லை. யுத்தத்தில் காணாமல்போன இன்னொரு மகனின் மனைவி நோரிகோ, ஆபீசில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, கிழவனையும் கிழவியையும் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றி ஊரைக் காட்டுகிறாள். பஸ் குலுங்கும்போது எல்லோரும் ஒன்றாகக் குலுங்குகிறார்கள். ஒன்றாகத் தலையைத் திருப்புகிறார்கள். ஓசு அதைக் கேலி செய்யவில்லை. அப்புறம் ஒரு கடையின் மாடியிலிருந்து, பிள்ளைகளின் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஊர் திரும்பியதும் கிழவி இறந்துபோகிறாள்.

அந்த பஸ்ஸைத் தேடிப்போனதில் தெரிந்த விவரங்கள் சில. புறா பஸ் என்று அர்த்தம் வரும் பெயரில் ஒரு கம்பெனி யுத்தம் முடிந்து சில வருஷத்தில், 1949-ல், டோக்கியோவைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்தது. குண்டு விழுந்து எரிந்துபோன நகரம் அது. உயேனோ பூங்கா, அரண்மனை வாசல், அசாகுசா கோயில் என்று வரிசை. முதல் தடவை தலைநகர் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு செல்லக் கேலிப்பெயரே இருக்கிறது: ஒனோபோரிசான். ‘மேலே ஏறி வந்தவர்’ என்று அர்த்தம். நம் பட்டிக்காட்டானின் தாயாதி. உயேனோவில் மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் 1882 மார்ச்சில் ஒன்றாகத் திறந்தன, மிருகங்கள் மியூசியத்தின் ஒரு பகுதியாக. அதாவது பால்ஃபர் எழும்பூரில் செய்ததை இருபத்தேழு வருஷம் கழித்து அவர்கள் செய்தார்கள். செத்ததும் உயிரோடிருப்பதும் அங்கேயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1958 டிசம்பரில் டோக்கியோ கோபுரம் எழுந்தது, 333 மீட்டர். எட்டு மாதம் கழித்து நம் பதினாலு மாடி. உயரத்தை ஒப்பிட வேண்டாம். அண்ணாந்து பார்த்த கழுத்துகள் ஒன்றுதான்.

1957-ல் ஷிமாகுரா சியோகோ என்ற பாடகியின் பாட்டொன்று ஜப்பான் முழுக்கப் பரவியது. மகள் தன் தாயைக் கூட்டிக்கொண்டு டோக்கியோவைக் காட்டுகிறாள். அரண்மனைப் பாலம், கோயில், நடுவில் யுத்தத்தில் செத்த அண்ணனை வைத்திருக்கும் இடம். ஊர் பார்ப்பது என்பது அவர்களுக்கும் கேளிக்கை மட்டுமாக இல்லை. நம் கடற்கரையில் 1969-ல் அண்ணா சமாதி, 1987-ல் எம்.ஜி.ஆர். சமாதி. உள்ளே கடிகாரம் ஓடுகிறது என்று கல்லில் காதை வைத்துக் கேட்டவர்களை நம் அறிவாளிகள் எத்தனை எள்ளினார்கள்! செத்த காலேஜில் உயிரைத் தேடியவர்கள்தான் சமாதியிலும் தேடினார்கள். நான் இதை நம்பிக்கையாக வைத்துப் பேசவில்லை, பார்க்கும் முறையாக வைத்துப் பேசுகிறேன்.

டோக்கியோவுக்கும் நம் சீமைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1930-களின் நடுவில் அங்கே போய்ப் புகைப்படக் கலை படித்தார். ஜப்பானைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதினார். பிறகு காந்தியைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க உலகத்தையே சுற்றினார். அவர் முக்கியமான இன்னொரு காரியமும் செய்தார். நூறு வருஷத்துக்கு முன் தமிழ்நாட்டில் பயணம் போனவர்கள் எழுதியதைத் தேடிப் பிடித்து 1968-ல் ஒரு தொகுப்பாக்கினார். பயணத்தை எழுதினவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். எழுதத் தெரியாமல் போய்வந்தவர்களின் வரிசைகளை அந்த அக்கறையோடு யாரும் தொகுக்கவில்லை. சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

பட்டியல் கலைந்தது 1985-ல். மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் வண்டலூர் திறந்தது. உயிர்க் காலேஜ் நகரத்தைவிட்டே போயிற்று, நடந்து சேர முடியாத தூரத்துக்கு. கலங்கரை விளக்கு அதற்கு முன்பே 1977-ல் மெரீனாவின் தென்கோடிக்குப் போய்விட்டது. 1990-களில் பந்தோபஸ்துக் காரணம் காட்டி மூடிவைத்திருந்துவிட்டு 2013 நவம்பரில்தான் மறுபடி ஜனங்களை ஏற விட்டார்கள். பதினாலு மாடியை இப்போது பாலத்தில் போகும் கார்க்காரர்கள் கவனிப்பதில்லை. இதற்கிடையில் பார்க்கிற திசையும் மாறிவிட்டது. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் சொகுசு பஸ்கள் வருகின்றன. வெளியூர்க்காரர்கள் நம் வீடுகளின் தூண்களை அண்ணாந்து பார்க்கிறார்கள், நிலைக்கதவைத் தடவுகிறார்கள், பூக்கல் தரையைப் படம் எடுக்கிறார்கள். பூட்டிய வீட்டைக் காசு கொடுத்துத் திறந்து பார்க்கிறார்கள். இவையும் ஒரு வகைச் செத்த காலேஜ்தான். சிங்கம்புணரிக்கு அந்த பஸ்கள் வருவதில்லை. கயிற்றில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்பத்தா ஒரே தடவைதான் பட்டணம் பார்த்தாள் என்று ஆரம்பத்தில் எழுதினேன். இன்னொரு தடவை வந்தாள், ஆனால் பார்க்கவில்லை. 2013-ல் நான் சென்னையில் ஒரு கிளையில் வேலையில் இருந்தேன். உறவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் என் அறையில் நான்கு நாள் தங்கினாள். இரண்டாம் நாள் காலையில் கேட்டாள்: “ஏய்யா, அந்தச் செத்த காலேசு இன்னும் இருக்கா?” இருக்கிறது என்றேன். “ஒரு எட்டு போய்ட்டு வருவமா?” மார்ச் மாதம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், லீவு கேட்க முடியாது என்றேன். அதில் பாதிதான் நிஜம். உனக்கு முழங்கால் வலி, அது பழைய கட்டிடம், லிப்ட் இருக்காது என்றேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து, குளிர்சாதனம் போட்ட ஒரு பேரங்காடிக்குக் கூட்டிப்போனேன். நகரும் படிக்கட்டின் அடியில் நின்றாள், ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எதிரே துணி போர்த்தி நிறுத்தியிருந்த பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுவும் அதேதானய்யா” என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. ஓசுவின் படத்தை மூன்று வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அவள் டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்தது. 1974-ல் மூர் மார்க்கெட்டில் எடுத்ததாகச் சொல்லுவாளே, அது. ஏழு பேரும் விறைத்து நிற்கிறார்கள். அப்பத்தா ஓரத்தில், புதுச் சேலையில், முந்தானையைக் கையில் பிடித்தபடி. பின்னால் தொங்குகிற திரைச்சீலையில் எவனோ ஒரு பெயிண்டர் பதினாலு மாடியை வரைந்திருக்கிறான். எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான் இருந்தது.